ராஸ் 2 ஜாஸிக்கு ஒரு பைத்தான் மெய்நிகர் சூழல்: சறுக்கிய வழிகளும் நிலைத்த அமைப்பும்

உபுண்டு 24.04, அதன்மேல் ரோபோ மென்பொருள் எழுதும் தளமான ராஸ் 2, அதன் ஜாஸி பதிப்பு. கேமரா படத்தில் பொருள்களைக் கண்டறிய ஒரு நோடு (ராஸில் தனியாக ஓடும் சிறு நிரல்), யூஎஸ்பி வழியே மோட்டார் கட்டுப்பாட்டுப் பலகையிடம் பேச இன்னொரு நோடு. இரண்டும் பைத்தானில். முதலாவதற்குப் பைடார்ச், அல்ட்ராலிட்டிக்ஸ் என்ற இயந்திரக் கற்றல் லைப்ரரிகள் வேண்டும், இரண்டாவதற்குச் சீரியல் போர்ட்டில் பேசும் பைசீரியல் போதும். ராஸ், உபுண்டுவின் நிறுவு கருவியான ஏபிடி வழியாக வந்து கணினியின் சொந்தப் பைத்தான் 3.12ஐ நம்பி உட்கார்ந்திருக்கிறது. பைடார்ச்சின் புதிய பதிப்பை ஏபிடி தராது, பைத்தானின் நிறுவு கருவியான பிப் வழியாக வாங்க வேண்டும். இந்த இரண்டையும் ஒரே நோடுக்குள் இம்போர்ட் ஆக வைப்பதுதான் மொத்த வேலையும். இப்போது ஓடுகிறது. ஓடுவதற்கு முன் எது எது ஏன் ஓடவில்லை என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன், ஏனென்றால் பிழைச் செய்திகள் பெரும்பாலும் தவறான இடத்தைக் காட்டுகின்றன.

கட்டளைகள் கீழே ஒலிப்பில் உள்ளன. டெர்மினலில் வழக்கமான எழுத்தில் அடிக்கவும்.

நேராக பிப் போட்டால்

உபுண்டு 24.04இல் 'பிப் இன்ஸ்டால்' என்று அடித்ததும் மறுப்பு வரும். பெப் 668 விதிப்படி, பைத்தான் 3.12இன் அடிப்படை லைப்ரரி இருக்கும் அடைவில் 'எக்ஸ்டர்னலி-மேனேஜ்டு' என்ற கோப்பு ஒன்று வைக்கப்பட்டிருக்கும். அதைக் கண்டால் பிப் நின்றுவிடும். 'பிரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ்' என்ற தெரிவைச் சேர்த்தால் தாண்டிப் போகலாம். பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிறது, அதை நம்பலாம்.

தாண்டினால் என்ன ஆகும்? சூடோ இல்லாமல் போட்டால் பேக்கேஜ் பயனரின் 'டாட் லோக்கல்' அடைவுக்குப் போகும். சூடோவுடன் போட்டால் 'யூஎஸ்ஆர் லோக்கல்' அடைவுக்குப் போகும். இரண்டுமே ஏபிடி போட்ட பேக்கேஜ்களுக்கு முன்னால் தேடப்படும் இடங்கள். ஆகவே உங்கள் ஒரு நோடுக்காக உள்ளே வந்த எண் கணக்கு லைப்ரரியான நம்பை 2, அந்தக் கணினியில் ஓடும் ஒவ்வொரு ராஸ் கருவிக்கும் வந்து சேரும். சம்பந்தமே இல்லாத ஒரு ஆர்க்யூடி (ராஸின் வரைகலைக் கருவி) சாளரம் மறுநாள் திறக்காது, காரணம் யாருக்கும் நினைவிருக்காது.

ராஸ் 2இன் பழைய பதிப்பான ஹம்பிள் ஓடும் உபுண்டு 22.04இல் இந்தப் பூட்டு கிடையாது. அங்கே பிப் சத்தமில்லாமல் 'டாட் லோக்கல்'இல் கொட்டிவிடும். பழைய கணினியின் ஹோம் அடைவை அப்படியே புதியதற்குக் கொண்டுவருபவர்கள் இந்தக் குப்பையையும் சேர்த்தே கொண்டுவருகிறார்கள். பைத்தான் பதிப்பு 3.10இலிருந்து 3.12க்கு மாறினால் அடைவுப் பெயர் மாறுவதால் தப்பிக்கலாம். அதே பதிப்பு என்றால் தப்ப முடியாது.

முழுத் தனிமையும் சரிப்படாது

அடுத்த இயல்பான முயற்சி, எந்தத் தெரிவும் இல்லாமல் ஒரு சுத்தமான வென்வ், அதாவது தனக்கென்று பேக்கேஜ் அடைவு வைத்திருக்கும் பைத்தான் மெய்நிகர் சூழல். வலைச் செயலிகளுக்கு இதுதான் சரி. ராஸுக்கு இது பாதி வழியில் நிற்கும், அதுவும் ஏமாற்றும் விதத்தில்.

ராஸின் 'செட்அப் டாட் பேஷ்' கோப்பை சோர்ஸ் செய்தால் அது 'பைத்தான்பாத்' மாறியில் ஜாஸியின் பேக்கேஜ் அடைவைச் சேர்க்கிறது. வென்வ் இந்த மாறியைத் தொடுவதில்லை. ஆகவே ராஸின் பைத்தான் லைப்ரரியான ஆர்சிஎல்பை சுத்தமான வென்வுக்குள்ளும் கண்ணில் படும். இம்போர்ட் தொடங்கும், உடனே 'யாமல்' என்ற மாட்யூல் இல்லை என்று விழும். ஆர்சிஎல்பை ராஸின் அடைவில் இருக்கிறது, அது சார்ந்திருக்கும் யாமல், நம்பை, லார்க் போன்றவை ஏபிடியின் 'டிஸ்ட்-பேக்கேஜஸ்' அடைவில் இருக்கின்றன. சுத்தமான வென்வுக்கு அந்த அடைவு தெரியாது.

ஒவ்வொன்றாக பிப்பில் போட்டு முன்னேறலாம் என்று தோன்றும். யாமல் போட்டால் நம்பை கேட்கும். சொந்தமாக மெசேஜ் வகைகள் வைத்திருந்தால் பில்டின்போது கேட்கின் பேக்கேஜ் மாட்யூல் கேட்கும், பிறகு 'ஈஎம்'. இந்த 'ஈஎம்' இரண்டு விதத்தில் கவிழ்க்கும். பிப்பில் அதே பெயரில் இருப்பது வேறொரு பேக்கேஜ். ராஸுக்கு வேண்டியதன் பெயர் எம்பை. அதையும் பதிப்பு சொல்லாமல் போட்டால் 4 வரும். அதில் 'பஃபர்ட்_ஆப்ட்' என்ற பண்பு இல்லை என்று மெசேஜ் உருவாக்கம் நின்றுபோகும். வேண்டியது 3.3.4, அதுதான் உபுண்டு 24.04இன் ஏபிடியிலும் ஏற்கெனவே இருக்கிறது. ஏபிடி சரியாகப் பொருத்தி வைத்திருப்பதைக் கையால் மறுபடி பொருத்தும் வேலை இது. இங்கேயே விட்டுவிடலாம்.

கோண்டா அல்லது பைஎன்வ் கொண்டு வேறு பதிப்புப் பைத்தான் வைத்துக்கொள்ளும் வழிக்கு இன்னும் குறுகிய ஆயுள். ஆர்சிஎல்பையின் உட்பகுதி சி++இல் எழுதி கம்பைல் செய்யப்பட்டது, அந்தக் கோப்பின் பெயரிலேயே 'சிபைத்தான்-312' என்று இருக்கும். பைத்தான் 3.11 தனக்கு உரிய '311' கோப்பைத் தேடும், அப்படி ஒன்று கிடையாது. 'சி எக்ஸ்டென்ஷன் இந்தக் கணினியில் இல்லை' என்ற செய்தி வரும். ராஸை மறுபடி நிறுவச் சொல்வதுபோல் அது ஒலிக்கும். ராஸில் எந்தக் குறையும் இல்லை, ஓடுகிற பைத்தான்தான் வேறு. கோண்டாவிலும் 3.12ஏ வைத்துக்கொண்டால் இந்தப் பிழை போகும், ஆனால் கோண்டா தன்னுடைய சி++ அடிப்படை லைப்ரரியைக் கூடவே கொண்டுவருவதால் 'ஜிலிப்சிஎக்ஸ்எக்ஸ்' பதிப்புத் தகராறு வர வாய்ப்பிருக்கிறது. கோண்டாதான் வேண்டும் என்றால் ராஸையும் கோண்டா வழியாகவே தரும் ரோபோஸ்டேக் இருக்கிறது. முழுதாக அதற்குப் போய்விடுவது நல்லது. பாதி ஏபிடி, பாதி கோண்டா என்பது எங்கும் கொண்டுபோய்ச் சேர்க்காது.

நிலைத்த அமைப்பு

வேண்டியது தனித் தீவு அல்ல, கணினியின் பைத்தான்மேல் போட்ட ஒரு மெல்லிய அடுக்கு. ஏபிடி தருவது கீழே அப்படியே இருக்கட்டும். பிப் தருவது மட்டும் மேலே வரட்டும்.

முதலில் ஏபிடியில் 'பைத்தான்3-வென்வ்' போட வேண்டும். உபுண்டு இதைப் பைத்தானிலிருந்து பிரித்து வைத்திருக்கிறது. இது இல்லாமல் சூழலை உருவாக்கினால் 'என்ஷூர்பிப் இல்லை' என்ற பிழையோடு அரைகுறை அடைவு ஒன்று மிஞ்சும். பேக்கேஜைப் போட்டபின் அந்த அடைவை அழித்துவிட்டுத் தொடங்குங்கள், மேலேயே மறுபடி ஓட்ட வேண்டாம்.

பிறகு பணிவெளியின் (உங்கள் ராஸ் பேக்கேஜ்களை வைத்திருக்கும் அடைவின்) மேல்மட்டத்தில், அதாவது 'எஸ்ஆர்சி' அடைவுக்கு வெளியே நின்றுகொண்டு:

/யூஎஸ்ஆர்/பின்/பைத்தான்3 -எம் வென்வ் --சிஸ்டம்-சைட்-பேக்கேஜஸ் வென்வ்

பைத்தானின் முழுப் பாதையையும் கொடுத்திருப்பது வேண்டுமென்றேதான். வெறும் 'பைத்தான்3' என்றால் பைஎன்வோ கோண்டாவோ முன்னால் வந்து நின்று தன்னுடையதைக் கொடுத்துவிடலாம். யூவி கருவியைப் பயன்படுத்துபவர்களும் இதே பாதையைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் அது தானே தரவிறக்கிய பைத்தானை எடுத்துக்கொள்ளக்கூடும்.

உருவானதும் உள்ளே 'பைவென்வ் டாட் சிஎஃப்ஜி' கோப்பைத் திறந்து பாருங்கள். 'இன்க்ளூட்-சிஸ்டம்-சைட்-பேக்கேஜஸ்' என்ற வரியில் 'ட்ரூ' இருக்க வேண்டும். தெரிவை மறந்து உருவாக்கிவிட்டாலும் அந்தச் சொல்லை மாற்றினால் போதும், மறுபடி உருவாக்கத் தேவையில்லை.

அடுத்து, வென்வ் அடைவுக்குள் 'கோல்கான்_இக்னோர்' என்ற பெயரில் ஒரு வெற்றுக் கோப்பு. ராஸ் பேக்கேஜ்களைக் கட்டும் கருவியான கோல்கான் பில்ட் செய்யும்போது பணிவெளியின் எல்லா அடைவுகளிலும் புகுந்து பேக்கேஜ் தேடும். வென்வுக்குள் புகுந்தால் அங்கே கிடக்கும் செட்அப் கோப்புகளை உங்கள் பேக்கேஜ்கள் என்று எடுத்துக்கொண்டு பில்ட் செய்யக் கிளம்பும்.

மூன்றாவது, அதிகம் பேர் செய்யாதது: 'பைத்தான்நோயூசர்சைட்' மாறிக்கு 1 என்று மதிப்பு. சிஸ்டம் பேக்கேஜ்களைத் திறந்துவிடும் அதே தெரிவு பயனரின் 'டாட் லோக்கல்' அடைவையும் சேர்த்தே திறந்துவிடுகிறது. அந்த அடைவு ஏபிடி அடைவுக்கு முன்னால் தேடப்படும். இரண்டு ஆண்டுக்கு முன் யாரோ போட்ட ஓப்பன்சிவி (படங்களைக் கையாளும் லைப்ரரி) அங்கிருந்து எட்டிப்பார்க்கும். வென்வின் 'ஆக்டிவேட்' கோப்பின் கடைசியிலேயே இந்த எக்ஸ்போர்ட் வரியை எழுதிவிட்டால் மறக்காது.

தேடும் வரிசை

இனி வரும் குழப்பங்களில் பாதி இந்த வரிசை தெரிந்தால் தீரும். இம்போர்ட் நடக்கும்போது பைத்தான் முதலில் ஓடும் ஸ்கிரிப்டின் அடைவைப் பார்க்கும். பிறகு பைத்தான்பாத்: உங்கள் பணிவெளியின் 'இன்ஸ்டால்' அடைவுகளும் ஜாஸியின் அடைவும் இங்கே. பிறகு பைத்தானின் அடிப்படை லைப்ரரி. பிறகு வென்வ். பிறகு டாட் லோக்கல், மூடாமல் விட்டிருந்தால். கடைசியில் ஏபிடியின் டிஸ்ட்-பேக்கேஜஸ்.

வென்வுக்கு முன்னால் பைத்தான்பாத் வருகிறது என்பதைக் கவனியுங்கள். உங்கள் ராஸ் பேக்கேஜுக்கு 'சீரியல்' என்றோ 'யூட்டில்ஸ்' என்றோ பெயர் வைத்தால் அது வென்வில் இருக்கும் அதே பெயருள்ள லைப்ரரியை மறைத்துவிடும். ஜாஸியின் அடைவில் பெரும்பாலும் ராஸ் சரக்குதான் இருப்பதால் அங்கிருந்து பொது லைப்ரரிகளுக்குத் தொல்லை இல்லை.

எந்த லைப்ரரி எங்கிருந்து வருகிறது என்ற சந்தேகம் வந்தால் ஊகிக்க வேண்டாம். அதை இம்போர்ட் செய்து அதன் 'ஃபைல்' பண்பை அச்சிட்டால் முழுப் பாதை வந்துவிடும். நம்பை, ஓப்பன்சிவி, பேக்கேஜ் கட்டும் லைப்ரரியான செட்அப்டூல்ஸ் மூன்றையும் ஒவ்வொரு நிறுவலுக்குப் பிறகும் இப்படிப் பார்த்துக்கொள்வது பின்னால் வரும் பல பிழைகளை முன்கூட்டியே காட்டும்.

நிறுவுதல்

எதையும் பிப்பில் போடுமுன் ஒரு கட்டுப்பாட்டுக் கோப்பு. 'கன்ஸ்ட்ரெய்ன்ட்ஸ் டாட் டிஎக்ஸ்டி' என்று வைத்துக்கொள்ளலாம், அதில் இரண்டே வரி: நம்பை 2க்குக் கீழே, செட்அப்டூல்ஸ் 80க்குக் கீழே. 'பிப்_கன்ஸ்ட்ரெய்ன்ட்' என்ற மாறியில் அந்தக் கோப்பின் முழுப் பாதையைக் கொடுத்து, இதையும் ஆக்டிவேட் கோப்பில் எழுதிவிட வேண்டும். அதன்பின் எந்த பேக்கேஜ் எதைக் கேட்டாலும் பிப் இந்த எல்லையைத் தாண்டாது. தாண்டித்தான் ஆக வேண்டும் என்றால் பிழை சொல்லி நின்றுவிடும். ஓடும்போது விழுவதைவிட நிறுவும்போது விழுவது நல்லது.

நம்பைக்கு ஏன் இந்தக் கண்டிப்பு? 2024 ஜூனில் வந்த நம்பை 2, சி மட்ட இணைப்பை மாற்றிவிட்டது. நம்பை 1ஐ வைத்து கம்பைல் ஆனவை அதனோடு ஒத்துப்போகா. உபுண்டு 24.04இன் ஏபிடி தருவது 1.26.4. ராஸ் படத்தை ஓப்பன்சிவி படமாக மாற்றித் தரும், ஜாஸியின் சிவி பிரிட்ஜ் அதை வைத்துத்தான் கம்பைல் ஆனது. இதில் தந்திரமான இடம் ஒன்று உண்டு. சிவி பிரிட்ஜ் தன் கம்பைல் செய்த பகுதியைத் தொடக்கத்தில் ஏற்றுவதில்லை, படத்தை மாற்றும்போதுதான் ஏற்றுகிறது. ஆகவே நோடு நன்றாகவே கிளம்பும், டாபிக்குகள் பட்டியலில் தெரியும், எல்லாம் சரி என்று தோன்றும். முதல் கேமரா ஃபிரேம் வந்த கணத்தில் '_அரே_ஏபிஐ காணவில்லை' என்று விழும். கேமராவைச் சந்தேகிக்கத் தோன்றும். கேமராவுக்கும் இதற்கும் தொடர்பே இல்லை.

இப்போது பைடார்ச். என்விடியா ஜிபியு இல்லாத ரோபோ கணினியில் வெறுமனே போட்டால் கூடா லைப்ரரிகள் அனைத்தும் சேர்ந்து 2 ஜிபிக்கு மேல் இறங்கும், ஒன்றுகூடப் பயன்படாது. பைடார்ச்சின் சொந்தச் சேமிப்பகத்தில் சிபியு மட்டும் உள்ள பதிப்புகள் தனியாக இருக்கின்றன. 'இண்டெக்ஸ்-யூஆர்எல்' தெரிவில் அந்த முகவரியைக் கொடுத்து டார்ச், டார்ச்விஷன் இரண்டை மட்டும் முதலில் போட வேண்டும். இதன் பருமன் அதில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். வரிசை முக்கியம்: அல்ட்ராலிட்டிக்ஸை முதலில் போட்டால் அது தனக்கு வேண்டிய டார்ச்சை, பெரியதை, தானே இழுத்துக்கொள்ளும்.

நினைவக அட்டையில் ஓடும் சிறு கணினிகளில் நடுவழியில் 'இடம் இல்லை' என்று பிப் நிற்பதுண்டு, அட்டையில் நிறைய இடம் இருந்தும். 'டெம்ப்' அடைவு ரேமில் இருந்தால் அதுதான் காரணம். 'டிஎம்பிடிர்' மாறியை அட்டையில் உள்ள ஓர் அடைவுக்குத் திருப்பிவிட்டு மறுபடி ஓட்டினால் முடிந்துவிடும்.

பிறகு அல்ட்ராலிட்டிக்ஸ். அது ஓப்பன்சிவி-பைத்தானைக் கூடவே கொண்டுவரும். இங்கே இரண்டு சிக்கல்.

ஒன்று, பதிப்பு. ஓப்பன்சிவி-பைத்தான் 4.12 நம்பை 2ஐக் கட்டாயமாகக் கேட்கிறது. கட்டுப்பாட்டுக் கோப்பு இருப்பதால் பிப் பின்வாங்கி 4.11ஐ எடுக்கும். அது 1.26ஓடு ஒத்துப்போகும்.

இரண்டு, சாளரங்களை வரையும் லைப்ரரியான க்யூடி. ஓப்பன்சிவி-பைத்தான் தன் சாளரங்களுக்காக க்யூடி பிளகின்களைத் தன்னுள் வைத்திருக்கிறது. இம்போர்ட் ஆனதும் க்யூடி எங்கே பிளகின் தேட வேண்டும் என்ற சூழல் மாறியைத் தன் பக்கம் திருப்பிவிடுகிறது. அதே செயலில் கணினியின் க்யூடியைப் பயன்படுத்தும் எதுவும், உதாரணமாக ஆர்க்யூடி பிளகினாக எழுதிய உங்கள் பலகம், 'எக்ஸ்சிபி பிளகின் கிடைத்தது, ஆனால் ஏற்ற முடியவில்லை' என்று செத்துவிடும். ரோபோ நோடு சாளரம் திறக்க வேண்டியதில்லை, படத்தைப் பார்க்க ஆர்விஸ் இருக்கிறது. ஆகவே சாளர வசதி இல்லாத ஹெட்லெஸ் பதிப்பே போதும்.

மாற்றும்போது ஒரு கவனம். சாதாரணப் பதிப்பு, ஹெட்லெஸ், கன்ட்ரிப் எல்லாமே 'சிவி2' என்ற ஒரே அடைவில்தான் கோப்புகளை வைக்கும். ஹெட்லெஸைப் போட்டபிறகு சாதாரணப் பதிப்பை நீக்கினால் இரண்டின் கோப்புகளும் சேர்ந்து போகும். முதலில் எல்லாவற்றையும் அன்இன்ஸ்டால், பிறகு ஹெட்லெஸ் மட்டும். 'பிப் செக்' ஓட்டினால் அல்ட்ராலிட்டிக்ஸ் தனக்கு ஓப்பன்சிவி-பைத்தான் இல்லை என்று முறையிடும், பொருட்படுத்த வேண்டாம். பொதுவாகவே சிஸ்டம் பேக்கேஜ்கள் தெரியும் சூழலில் பிப் செக் நிறைய இரைச்சல் போடும்.

பைசீரியலுக்கு வென்வே தேவையில்லை. ஏபிடியில் 'பைத்தான்3-சீரியல்' இருக்கிறது. பிப்பில் 'சீரியல்' என்று அடித்தால் வருவது வேறொரு லைப்ரரி. அதுவும் அதே பெயரில் இம்போர்ட் ஆகும், பிறகு 'சீரியல் என்ற கிளாஸ் இல்லை' என்று சொல்லும். இந்தப் பிழையைப் பார்த்தால் அதை நீக்கிவிட்டுப் பைசீரியலைப் போட்டால் தீரும்.

போர்ட்டைத் திறக்க அனுமதி மறுப்பு வந்தால் சூடோவைத் தொடாதீர்கள். சூடோ உங்கள் பாதையையும் பைத்தான்பாத்தையும் கழற்றிவிட்டு வெறும் கணினிப் பைத்தானில் ஓட்டும். மெனக்கெட்டுக் கட்டிய சூழல் அத்தனையும் அங்கே காணாமல் போகும். பயனரை 'டயல்அவுட்' குழுவில் சேர்த்து, வெளியேறி மறுபடி உள்நுழைய வேண்டும். புதிய டெர்மினல் திறந்தால் மட்டும் போதாது. 'ஐடி' கட்டளையில் குழுப் பெயர் வந்துவிட்டதா என்று பார்த்துக்கொள்ளலாம்.

எந்தப் பைத்தான் நோடை ஓட்டுகிறது

எல்லாம் நிறுவி, வென்வை ஆக்டிவேட் செய்து, பைத்தானில் டார்ச்சை இம்போர்ட் செய்தால் வருகிறது. கோல்கான் பில்ட் பிழையில்லாமல் முடிகிறது. 'ராஸ்2 ரன்' கொடுத்தால்: டார்ச் என்ற மாட்யூல் இல்லை. அதிகம் பேர் வென்வையே கைவிடுவது இந்த இடத்தில்தான்.

நோடு ஸ்கிரிப்டின் முதல் வரியைப் பார்த்தால் விடை இருக்கும். பணிவெளியின் இன்ஸ்டால் அடைவில், பேக்கேஜின் 'லிப்' அடைவுக்குள் உங்கள் நோடின் பெயரில் ஒரு சிறு ஸ்கிரிப்ட் இருக்கும். 'ஹெட் -1' போட்டால் ஷிபேங் வரி, அதாவது ஸ்கிரிப்டை எதனால் ஓட்ட வேண்டும் என்று சொல்லும் முதல் வரி, தெரியும்: கணினிப் பைத்தானின் பாதை. ஆக்டிவேட் செய்வது பாதை போன்ற சூழல் மாறிகளை மட்டுமே மாற்றுகிறது. முதல் வரியில் முழுப் பாதை எழுதியிருந்தால் கெர்னல் அதைத்தான் எடுக்கும், ஆக்டிவேட் செய்ததா இல்லையா என்று கேட்காது.

அந்த வரி எங்கிருந்து வந்தது? கோல்கான் பைத்தான் பேக்கேஜைப் பில்ட் செய்யும்போது, தான் எந்தப் பைத்தானில் ஓடுகிறதோ அதையே செட்அப் கோப்புக்கும் பயன்படுத்துகிறது. செட்அப்டூல்ஸ் அதே பாதையை ஸ்கிரிப்டில் எழுதிவிடுகிறது. ஏபிடி தந்த கோல்கானின் சொந்த ஷிபேங் கணினிப் பைத்தான். அதனால் உங்கள் நோடும் அதுவே.

தீர்வு இரண்டு விதம், இரண்டுக்கும் வேறு வேறு விலை.

முதலாவது, கோல்கானையே வென்வ் பைத்தானில் ஓட்டுவது. ஆக்டிவேட் செய்துவிட்டு 'பைத்தான் /யூஎஸ்ஆர்/பின்/கோல்கான் பில்ட்' என்று அடிக்கலாம். சிஸ்டம் பேக்கேஜ்கள் தெரிவதால் கோல்கானின் மாட்யூல்கள் கிடைத்துவிடும். அல்லது கோல்கானை வென்வுக்குள் பிப்பில் போட்டுக்கொள்ளலாம். அதன்பின் ஷிபேங்கில் வென்வின் முழுப் பாதை வரும். ஓட்டும்போது ஆக்டிவேட் செய்யவே வேண்டாம், ராஸை மட்டும் சோர்ஸ் செய்தால் போதும். ஆனால் வென்வ் அடைவை நகர்த்தினாலோ பெயர் மாற்றினாலோ அந்தப் பாதையில் பைத்தான் கிடைக்காமல் எல்லா நோடும் நிற்கும், மறுபடி பில்ட் செய்ய வேண்டும்.

இரண்டாவது, பேக்கேஜின் 'செட்அப் டாட் சிஎஃப்ஜி' கோப்பில் 'பில்ட்_ஸ்கிரிப்ட்ஸ்' என்ற பகுதியைச் சேர்த்து, 'எக்ஸிக்யூட்டபிள்' என்பதற்கு '/யூஎஸ்ஆர்/பின்/என்வ் பைத்தான்3' என்று கொடுப்பது. இப்போது பாதையில் முதலில் வரும் பைத்தான் ஓடும், ஆக்டிவேட் செய்திருந்தால் வென்வ். யார் கணினியிலும் எந்த இடத்திலும் வேலை செய்யும், களஞ்சியத்தில் பகிரும் பேக்கேஜுக்கு இதுவே ஏற்றது. ஆனால் ஆக்டிவேட் செய்ய மறந்த டெர்மினலில் பழையபடி டார்ச் காணாமல் போகும். ஒவ்வொரு பேக்கேஜிலும் தனித்தனியாக எழுதவும் வேண்டும்.

ரோபோவுக்கு உள்ளேயே இருக்கும் கணினிக்கு முதல் வழியைத்தான் பரிந்துரைப்பேன். அங்கே வென்வ் நகரப்போவதில்லை, ஆக்டிவேட் செய்ய மனிதர் யாரும் பக்கத்தில் இருக்கப்போவதில்லை.

எந்த வழியானாலும் மாற்றியபின் பில்ட், இன்ஸ்டால், லாக் மூன்று அடைவுகளையும் அழித்துவிட்டு முழுதாகப் பில்ட் செய்ய வேண்டும். சிமேக் பேக்கேஜ்கள் முதல் முறை கண்ட பைத்தானை நினைவில் வைத்துக்கொண்டிருக்கும். முடிந்ததும் ஹெட் -1 மறுபடி. சிம்லிங்க் முறையில் பில்ட் செய்தால் ஸ்கிரிப்ட் உருவாகும் வழி வேறு என்பதால் அந்த முறையிலும் தனியாகப் பார்க்கவும்.

அவசரத்துக்கு ஒரு குறுக்குவழி: லாஞ்ச் கோப்பில் நோடுக்கு 'பிரிஃபிக்ஸ்' என்ற மதிப்பாக வென்வ் பைத்தானின் பாதையைக் கொடுத்தால் ஷிபேங்கைத் தாண்டி அதிலேயே ஓடும். சிக்கல் ஷிபேங்கா வேறா என்று பிரித்தறிய இது நல்ல சோதனை.

செட்அப்டூல்ஸ் எல்லை எதற்கு

கட்டுப்பாட்டுக் கோப்பின் இரண்டாவது வரியைப் பற்றி. பலருக்குச் சூழல் உருவானதும் 'பிப், செட்அப்டூல்ஸ் இரண்டையும் அப்கிரேட்' என்று அடிப்பது கைப்பழக்கம். பைத்தான் 3.12இலிருந்து வென்வ் செட்அப்டூல்ஸைத் தானாகப் போடுவதில்லை. நம் சூழலில் கீழே ஏபிடியின் 68.1.2 தெரியும், அது போதும். எல்லை இல்லாமல் அப்கிரேட் செய்தால் 80 அல்லது அதற்கு மேல் வந்து உட்காரும். அந்தப் பதிப்பில் 'டெவலப்' கட்டளை மாறிவிட்டது. கோல்கானின் சிம்லிங்க் பில்ட் '--எடிட்டபிள் தெரிவு புரியவில்லை' என்று நிற்கும். நேற்றுவரை பில்ட் ஆன பேக்கேஜ் திடீரென்று இப்படிச் சொன்னால் முதலில் செட்அப்டூல்ஸ் பதிப்பைப் பாருங்கள். வென்வில் இருப்பதை அன்இன்ஸ்டால் செய்தால் கீழே உள்ளது தானே தெரிந்துவிடும்.

பதிவு செய்தல், தானாகக் கிளப்புதல்

இன்னொரு ரோபோவில் இதே சூழல் வேண்டுமானால் வென்வ் அடைவை நகலெடுக்காதீர்கள், உள்ளே எல்லா ஸ்கிரிப்டிலும் முழுப் பாதை எழுதியிருக்கும். பட்டியல் எடுத்து மறுபடி உருவாக்குவதே வழி. வெறும் 'பிப் ஃப்ரீஸ்' கணினியின் எல்லாப் பேக்கேஜ்களையும் ராஸ் பேக்கேஜ்களையும் சேர்த்துக் கொட்டும். அவற்றில் பல பிப்பில் கிடைக்கவே கிடைக்காது. '--லோக்கல்' சேர்த்தால் வென்வுக்குள் போட்டவை மட்டும் வரும். ஏபிடியில் கிடைப்பவை 'பேக்கேஜ் டாட் எக்ஸ்எம்எல்' கோப்பில் இருக்கட்டும், அதைப் படித்து நிறுவும் ராஸ்டெப் கவனித்துக்கொள்ளும். சிபியு டார்ச்சின் பதிப்பு எண்ணில் '+சிபியு' என்று ஒட்டியிருக்கும். அந்த வரிகளைத் தனிக் கோப்பாக வைத்து அதற்குரிய இண்டெக்ஸ் முகவரியோடு முதலில் நிறுவ வேண்டும்.

மின்சாரம் வந்ததும் நோடுகள் தாமாகக் கிளம்ப சிஸ்டம்டி சேவை. அது உங்கள் 'பேஷ்ஆர்சி'யைப் படிக்காது. கிளப்பும் வரியில் பேஷை அழைத்து, ஜாஸியின் செட்அப், பணிவெளியின் செட்அப் இரண்டையும் இந்த வரிசையில் சோர்ஸ் செய்து, 'எக்ஸெக்' போட்டு லாஞ்ச் கட்டளை. எக்ஸெக் இல்லையென்றால் சேவையின் முதன்மைச் செயலாக லாஞ்சுக்குப் பதில் இடையில் பேஷே நிற்கக்கூடும். ஷிபேங்கில் வென்வ் பாதை இருப்பதால் ஆக்டிவேட் வரி தேவையில்லை, ஆனால் ஆக்டிவேட் கோப்பில் எழுதிய பைத்தான்நோயூசர்சைட்டை இங்கே 'என்விரான்மென்ட்' வரியில் மறுபடி தர வேண்டும். 'யூசர்' வரியில் டயல்அவுட் குழுவில் உள்ள அதே பயனர்.

அடுத்த முறை மாற்றப்போவது

கட்டுப்பாட்டுக் கோப்பை முதல் பிப் கட்டளைக்கு முன்பே எழுதுவது. நம்பை 2 ஒருமுறை உள்ளே வந்தபின் அதன் தடத்தை அழிப்பதைவிட வென்வை அழித்துவிட்டு மறுபடி போடுவது விரைவு. பைடார்ச் கோப்புகள் பிப்பின் சேமிப்பில் இருந்தால் நிமிடங்களில் முடியும்.

கண்டறியும் நோடை மட்டும் தனி வென்வில் வைப்பது. மோட்டார் நோடுக்கு ஏபிடி பேக்கேஜ்களே போதும் என்றான பிறகு அதை எதற்கு இந்த அடுக்கின்மேல் ஓட்ட வேண்டும்? சக்கரத்தை நிறுத்தும் நோடு கணினிப் பைத்தானில் இருந்தால் பைடார்ச்சை அப்கிரேட் செய்யும் நாளிலும் அது அசையாது. இதற்குக் கோல்கானை இரண்டு முறை ஓட்ட வேண்டும்: கண்டறியும் பேக்கேஜை மட்டும் 'பேக்கேஜஸ்-செலக்ட்' கொடுத்து வென்வ் பைத்தானில், மற்றவற்றை 'பேக்கேஜஸ்-ஸ்கிப்' கொடுத்து வழக்கமான கோல்கானில்.

பைத்தான் 3.12இல் ஓடாத ஒரு லைப்ரரி வந்தால் அதை இந்தச் சூழலுக்குள் திணிக்க முயல்வதில்லை. அதற்குரிய பைத்தானில் ராஸ் இல்லாத தனிச் செயலாக ஓட்டி, ஜீரோஎம்க்யூ சாக்கெட் வழியே படத்தை அனுப்பி முடிவை வாங்கும் ஒரு சிறு நோடு எழுதிக்கொள்ளலாம், அல்லது டாக்கரில் வைக்கலாம். அந்தச் செயலைத் தொடங்கும்போது பைத்தான்பாத்தை வெறுமையாக்கிவிட வேண்டும். இல்லையென்றால் ஜாஸியின் 3.12 அடைவு அங்கேயும் முன்னால் வந்து நிற்கும்.